கீழ படுக்கறவங்ககிட்டச் சாவி

பத்து நிமிசம் வண்டிய ஓட உட்டாப் போதும், எண்ணெய் இளகிரும்னு என்ற ஊட்டுக்காரரு சொல்லுவாரு. நான் பதினஞ்சு நிமிசம் உட்டுட்டேன். எஞ்சின் சத்தம் கேட்டதும் அவுரு மூஞ்சியில ஒரு தெளிவு வந்துது, அதைப் பாத்துட்டே நின்னுட்டேன். இப்பப் பாரு, எண்ணெய்த் தொட்டி கொதிக்குது, கை வெக்க முடியல. வண்டிக்கடியில சாக்கை விரிச்சு மல்லாக்கப் படுத்தாச்சு, அறுபத்தோரு வயசுல, நைட்டிக்கு மேல அவுரோட பழைய காக்கிச் சட்டைய மாட்டிக்கிட்டு, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு. எதுத்தூட்டு லதா பாத்தான்னா வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிப்பா. சிரிக்கட்டும். மெக்கானிக்கைக் கூப்புட்டா ஆகாதான்னு கேப்பா. கூப்புட்டா அவன் என்ன கேப்பான், எதுக்குங்கக்கா இப்ப எண்ணெய் மாத்தறீங்க, எங்க கெளம்பறீங்கன்னு கேப்பான். அவன் காதுல உழுந்தா சாயங்காலத்துக்குள்ள தினகரனுக்குப் போன் போயிரும். தினகரன் என்ற மகன். பெங்களூர்ல இருக்கறான். ஞாயித்துக்கெழமை வர்றான், அவங்கப்பாவைக் கோயமுத்தூர்ல ஒரு முதியோர் இல்லத்துல சேத்தறதுக்கு. நல்ல எடமாம்மா, தோட்டமெல்லாம் இருக்குதாம், நர்சு இருக்காங்களாம், ஒரே ஒருக்கா வந்து பாரு, பாத்துட்டு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்றான். பாத்துட்டு வேண்டாம்னு சொன்னவங்க ஆராச்சும் இருக்காங்களா கண்ணு. இன்னைக்கு வியாழன். நாளைக்கு விடியக்காலம் நானும் அவுரும் தனுஷ்கோடிக்குக் கெளம்பிருவோம். ஞாயித்துக்கெழமை அவன் வந்து பூட்டைப் பாத்துட்டுப் போகட்டும். பொறவு நடக்கறதைப் பொறவு பாத்துக்கலாம். தூரத்துப் பயணம்னா எண்ணெய் மாத்தாம வண்டிய எடுக்க மாட்டாரு அவுரு, அதுனால மாத்தறேன். அதுனாலதான் மாத்தறேன். வேற ஒண்ணும் இல்ல.

இருபத்திரண்டாம் நம்பர் ஸ்பேனர். போல்ட்டோட மூஞ்சியப் பாத்து, கடிகாரம் சுத்தறதுக்கு எதிர்ப்பக்கமாத் திருப்போணும். மேல அவுரு உக்காந்திருக்கற சத்தம் கேக்குது. கட்டில் பலகை ஒருக்காக் கிறீச்சுன்னுது. தகரத் தரை, எது செஞ்சாலும் கீழ கேக்கும். ஊட்டுக்குள்ள இருந்தா ஒரு எடத்துல நிக்க மாட்டாரு, கதவைத் தொறப்பாரு சாத்துவாரு, பட்டறைக்கு நேரமாச்சும்பாரு. வண்டிக்குள்ள ஏத்தி உட்டா மட்டும் பூனையாட்ட அடங்கிருவாரு. இது ஒரு காலத்துல பள்ளிக்கூட வேனு. கரூர்ல பஸ்ஸுக்குப் பாடி கட்டற பட்டறையில முப்பத்திரண்டு வருசம் ஃபோர்மேனா இருந்தவரு, வேலைய உட்ட வருசம் இதை வாங்கியாந்து சீட்டையெல்லாம் கழட்டி எறிஞ்சுட்டு, ரெண்டு கட்டிலு, ஒரு அடுப்பு, மேல தண்ணித் தொட்டி, ஜன்னலுக்குப் பச்சைத் திரை, எல்லாம் தன் கையால வெச்சாரு. ஊரே சிரிச்சுது. சென்னியப்பண்ணனுக்கு இருக்கற ஊடு பத்தலியாமா, சக்கரம் வெச்ச ஊடு கேக்குதாமான்னு. நானுந்தான் சிரிச்சேன். பொறவு நானே ஓட்டப் பழகி, கொல்லிமலை வளைவுல அவுரைப் பக்கத்துல உக்கார வெச்சு ஏத்திருக்கறேன், ஒவ்வொரு வளைவுக்கும் மனுசன் முருகா முருகான்னாரு. நான் ஓட்டறதுக்கா அப்படின்னு ஒரு வாரம் பேசல நான். ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தை இப்பக் குடுடா சாமின்னா ஆரு குடுப்பா. திருப்பறேன், நவுர மாட்டேங்குது. போன தடவை அவுரு இறுக்கினது. கையில பலம் இருந்த காலத்துல இறுக்கினது. இறுக்கறதையாவது கொஞ்சம் கம்மியா இறுக்கியிருக்கக் கூடாதா மனுசா, ஒரு நாளு பொம்பள வந்து கழட்டுவாள்னு நெனச்சீங்களா.

சாவி இருக்குதான்னு சட்டைப் பையத் தொட்டுப் பாத்துக்கறேன். இருக்குது. மூணாந்தடவை தொட்டுப் பாக்கறேன். இது அவுரோட சட்டம். பட்டறையில மாரப்பன்னு ஒரு வெல்டரு பஸ்ஸுக்கடியில படுத்து வேலை செஞ்சுட்டு இருந்திருக்கறான், மேல எவனோ ஏறி வண்டிய எடுத்துட்டான், மாரப்பனுக்கு மொழங்காலோட போச்சு. அன்னைக்கு ஊட்டுக்கு வந்தவரு சோத்துல கை வெக்கல. மறுநாளுப் பட்டறையில சொல்லிட்டாரு, இனிமேல் வண்டிக்கடியில எவன் போறானோ அவன் பையில சாவி இருக்கோணும், மொதலாளியே வந்து கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு. ஊட்டுலயும் அதே சட்டந்தான். ஒருக்காத் தக்காளி உருண்டு இந்த வண்டிக்கடியில போயிருச்சு, எடுக்கக் குனியறேன், ஏ சுலோ, மொதல்ல சாவியப் புடின்னு ஓடி வர்றாரு. தக்காளிக்குமாங் சாவின்னு கேட்டேன். தக்காளிக்கும்தான், நீ கீழ இருந்தா உன்ற கிட்ட, நான் கீழ இருந்தா என்ற கிட்ட, கட்டிக்கிட்டவளே கேட்டாலும் தர மாட்டேன்னாரு. ஏ சுலோ. அவரா அந்தப் பேரைச் சொல்லிக் கூப்புட்டது கடேசியா எப்பவா இருக்கும்? திங்கக்கெழமை சொன்னாரே. இல்ல, திங்கக்கெழமை நான் மொதல்ல சொன்னேன், அவுரு திருப்பிச் சொன்னாரு. அது கணக்குல வராது.

கணக்குல வராதுன்னு எனக்கே தெரியும், அதுதான் கேவலம். பொங்கலுக்குத் தினகரன் வந்தப்ப, அவங்கப்பா எந்திரிச்சு நின்னு, வாங்க சார், உக்காருங்க சார், பட்டறை லீவுங்களேன்னாரு. பையன் பொறக்கடைக்குப் போயி மூஞ்சி கழுவிட்டே இருந்தான். தொட்டித் தண்ணி தீரற வரைக்கும் கழுவினான். அன்னைக்குத்தான் அந்த இல்லத்தைப் பத்தி எடுத்தான். நான் சண்டைக்குப் போனேன். உன்னையத் தெரியலீன்னா என்னடா, என்னையத் தெரியுதல்லோ, என்னைய ஆருன்னு கேக்கற அன்னைக்கு நீ கூட்டிட்டுப் போ, அதுவரைக்கும் இந்தப் பேச்சை எடுக்காதேன்னுட்டேன். சத்தியமாம்மான்னு கேட்டான். சத்தியம்னேன். பெரிய வீராப்பு. அன்னையில இருந்து நான் என்ன பண்றேன்னு அவனுக்குத் தெரியாது. காலையில காப்பி கொண்டு போறப்பவே, சுலோ வந்திருக்கறேனுங்னு சொல்லிட்டேதான் போறேன். குளிக்க வெக்கறப்ப, சுலோதான் தண்ணி ஊத்தறேன். வெளிய போயிட்டு வந்தா, சுலோ வந்துட்டேனுங். பரீட்சைக்கு முன்னாலயே வாத்தியாரு விடையச் சொல்லிக் குடுக்கறாப்புல. அவரும் ஆமா, சுலோ, காப்பி நல்லாருக்குதும்பாரு. எனக்கு நெஞ்சு நெறைஞ்சுரும். திருட்டுத்தனமா நெறைஞ்ச நெஞ்சு. இப்ப அவன் வேற காரணத்தால வர்றான், போன மாசம் இவுரு பஸ் ஸ்டாண்டுல நின்ன மினி பஸ்ஸுல ஏறி டிரைவர் சீட்டுல உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேன்னு அழிச்சாட்டியம் பண்ணினது அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. இனி நீ சொன்னாக் கேக்க மாட்டேம்மா, உனக்கு என்னாச்சும் ஆயிட்டா நான் என்ன பண்ணுவேங்கறான். அவனும் பாவந்தான். அவனைத் திட்டவும் முடியல, நல்லா இருடான்னு சொல்லவும் வாய் வரல.

அவரா சொன்னது எப்பன்னு தெரிஞ்சுபோச்சு. போன தடவை எண்ணெய் மாத்துனப்ப. ஒண்ணரை வருசம் ஆச்சு. அவுரு இதே எடத்துல படுத்திருந்தாரு, நான் குனிஞ்சு டார்ச் அடிச்சுட்டு இருந்தேன், அடுப்புல பால் வெச்ச நெனப்புல கை ஆடிருச்சு. ஏ சுலோ, வெளிச்சத்தை என்ற மூஞ்சிக்கு ஏன் அடிக்கற, நான் என்ன மாப்பிள்ளையா, போல்ட்டுக்கு அடின்னாரு. அதுதான் கடேசி. அப்பச் சொல்லிருக்கோணும் ஆராச்சும், சுலோச்சனா, இதுதாண்டி கடேசி, நல்லாக் கேட்டுக்கோன்னு. அடுப்புல பால் பொங்கி வழிஞ்சுருமோன்னு ஓடினேன் நான். சரி, இப்பவாச்சும் ஒத்துக்கறேன். தூரத்துப் பயணத்துக்காக மாத்தல. எண்ணெய் மாத்தினா, இந்த வாசம் வந்தா, இந்தச் சத்தம் கேட்டா, மேல இருந்து அவரா ஒருக்கா ஏ சுலோம்பாருன்னு ஒரு நப்பாசை. இன்னைக்குக் காலையில இருந்து நான் என்ற பேரைச் சொல்லவே இல்ல. காப்பி குடுக்கறப்பச் சொல்லல. வண்டியில ஏத்தறப்பச் சொல்லல. பல்லைக் கடிச்சுட்டு இருக்கறேன். அவுரும் சொல்லல. ஒண்ணும் கேக்கவும் இல்ல, குடுத்த காப்பியக் குடிச்சாரு, புடிச்ச கையப் புடிச்சுட்டு ஏறினாரு.

அடேங்கப்பா, நவுந்துது. கால் வெச்சு ஒரு உதை உதைச்சேன் ஸ்பேனரை, டக்குனு உட்டுருச்சு. இனிக் கையால சுத்தலாம், துணியப் போட்டுப் புடிச்சுச் சுத்தலாம், கடேசிப் புரி வர்றப்பக் கையச் சுருக்கா இழுத்துக்கோணும். இழுத்தேன், பத்தல, மணிக்கட்டுல ஊத்திருச்சு. அப்பா. சுடுது. நீளவாக்குல வெட்டின தகர டின்னுல கருகருன்னு உழுகுது, தடியா, சத்தமில்லாம. வாசரும் போல்ட்டும் டின்னுக்குள்ள போச்சு, போகட்டும், பொறவு தேடிக்கலாம். என்ன ஒரு கருப்பு. ஊத்தறப்பத் தேன் நெறத்துல இருந்துது, நாந்தான் புனல் புடிச்சேன். கருத்துப் போச்சுன்னா கெட்டுப் போச்சுன்னு அர்த்தமில்ல சுலோ, எஞ்சின்ல இருக்கற அழுக்கையெல்லாம் அது தான் வாங்கிக்கிச்சுன்னு அர்த்தம்னு சொன்னாரு. ஏ சுலோன்னு இல்ல, வெறும் சுலோ. மேல எந்திரிச்சுட்டாரு. நடக்கறாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு அடி, பின்னால போறாரு, அடுப்புப் பக்கம். பசிக்குதா? காலையில மூணு இட்லி சாப்புட்டாரு, சாப்புட்டது மறந்திருக்கும். அஞ்சு நிமிசம் பொறுத்துக்கங் சாமி, இது வடிஞ்சுரட்டும். ஜாடி மூடி தொறக்கற சத்தம். பீங்கான் மூடி. சர்க்கரையா? சர்க்கரை பிளாஸ்டிக் டப்பாவுல இருக்குது. பீங்கான்ல இருக்கறது உப்பு. உப்பை எதுக்குங் இப்ப எடுக்கறீங்க, வெறும் உப்பைத் திங்கப் போறீங்களா.

உப்பு ஜாடி. அய்யோ. ரெண்டாஞ்சாவி. உப்புக்குள்ள எந்தத் திருடனும் கை உட மாட்டான்னு துணியில சுத்தி உப்புக்குள்ள பொதைச்சு வெச்சது அவுருதான், பதினாறு வருசத்துக்கு முன்னால, எனக்கே எப்பவோ மறந்து போச்சு. பெத்த மகனை மறந்தவருக்கு உப்பு ஜாடி மறக்கல. சாவி பையில இருக்குது இருக்குதுன்னு மூணு தடவை தொட்டுப் பாத்தேனே, எந்தச் சாவின்னு பாத்தனா? காலடி முன்னால வருது. என்ற தலைக்கு நேர் மேல வந்து, தாண்டி, டிரைவர் சீட்டுக்குப் போகுது. சீட்டு அமுங்குது. கை பிரேக்கு புடிக்காதுன்னு மொதல் கியர்ல போட்டு நிறுத்திருக்கறேன். பின்சக்கரத்துக்குப் பின்னால கல்லு வெச்சேன், முன்னால வெக்கல. என்ற ரெண்டு காலும் முன்சக்கரத்துக்கு முன்னாலதான் நீட்டியிருக்குது. மடக்கலாம்னா அந்த உதை உதைச்சதுல இடுப்பு புடிச்சுக் கெடக்குது. சாவி உள்ள போற சத்தம். ஒரு திருப்பு. இந்தப் பழைய டீசல் வண்டியில சாவிய ஒரு திருப்புத் திருப்பி, சூடாகறதுக்குப் பத்து எண்ணிட்டுத்தான் ஸ்டார்ட் அடிக்கோணும். சூடான எஞ்சினுக்கு எண்ண வேண்டியதில்ல, அது அவுருக்குத் தெரியல, எண்ண ஆரம்பிச்சுட்டாரு, சத்தமா, பள்ளிக்கூடத்துப் பையனாட்ட. ஒண்ணு. ரெண்டு. வாயத் தொறக்கோணும். தொறக்கல. மூணு. ஏன் தொறக்கலீன்னு என்னையக் கேட்டா என்ன சொல்லுவேன். நாலு. அந்த நாலு எண்ணற வரைக்கும் எனக்கு ஒரு பயமும் இல்ல. இப்படியே முடிஞ்சா ஞாயித்துக்கெழமை வராது, தோட்டம் வெச்ச இல்லம் வராது, நாளைக்குக் காலையில காப்பி கொண்டு போயி என்ற பேரை நானே சொல்ல வேண்டியதில்ல. அவ்வளவு அலுப்பா இருந்துது. அஞ்சு. எண்ணெய் இல்லாம எஞ்சின் ஓடினா எஞ்சின் போயிருமே. இதைத்தான் நெனச்சேன், சாமி சத்தியமா. மகனையோ என்ற காலையோ நெனைக்கல. அவுரு உசுராட்ட வெச்சிருந்த எஞ்சின், அவுரு கையாலயே போகுமே, அது தெரியாமயே ஸ்டியரிங்கைப் புடிச்சுட்டு உக்காந்திருப்பாரே. ஆறு.

ஏனுங்! அடிக்காதீங்! நான் கீழ இருக்கறேன்! தொண்டை கிழியக் கத்தினேன். தகரத்துல பட்டு என்ற சத்தமே எனக்குத் திரும்பி வந்துது. ஏழுன்னு வந்தது பாதியில நின்னுச்சு. கீழ ஆருன்னாரு. கீழ ஆளா? ஆளு இருக்குதா கீழ? சாவிய உருவற சத்தம். கதவு தொறந்து, அவுரு செருப்பு ரெண்டும் ஒவ்வொண்ணா எறங்கி வந்து என்ற தலைமாட்டுல நின்னுச்சு. எழுவத்தோரு வயசு மனுசன் மண்டி போட்டு, கையூணிக் குனிஞ்சு, தலையச் சாய்ச்சு உள்ள பாத்தாரு. மூஞ்சி வெளுத்துப் போயிருந்துது. என்னையப் பாத்தாரு. நல்லாப் பாத்தாரு. அவுரு கண்ணு என்ற கண்ணுலதான் இருந்துது. சுலோன்னு ஒரு வார்த்தை, நாக்கு நுனியில நிக்குது, சொல்லிட்டா முடிஞ்சுது, தினமும் சொல்றதுதான. சொல்லாத, சொல்லாத, அவரா சொல்லட்டும்.

"ஏனுங் அம்மணி, உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

ஒண்ணும் ஆகலீங்னு சொன்னேன். எப்படிச் சொன்னேன்னு தெரியல. வண்டிக்கடியில சாவிய நீட்டினாரு. சாவியில உப்பு ஒட்டியிருந்துது.

"இந்தாங், புடிங். வண்டிக்கடியில போறவங்க கிட்டத்தான் சாவி இருக்கோணும். ரெண்டு சாவி இருந்தா ரெண்டும். உங்கூட்டுக்காரரு இதெல்லாம் சொல்லித் தரலீங்களா?"

"சொன்னாருங். நாந்தான் மறந்துட்டேன்." வாங்கி, பையில இருந்த சாவியோட சேத்துக் காட்டினேன்.

"மறக்கலாமுங்களா அம்மணி? காலு போயிருமுங். நான் கண்ணாரப் பாத்தவன்." அவுருக்குக் கோவம் வந்துருச்சு, பழைய ஃபோர்மேன் கோவம். "எங்கெ போயிட்டாரு அந்த மனுசன், பொம்பளைய இப்படித் தனியாப் படுக்க உட்டுட்டு?"

இங்கதானுங் இருந்தாருன்னு சொன்னேன். அவுரு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாத்தாரு, ஆரும் வரல. சரின்னுட்டு அங்கயே, முன்சக்கரத்துல முதுகைச் சாய்ச்சு, தரையில உக்காந்துட்டாரு. அவுரு வர்ற வரைக்கும் நான் காவலுக்கு இருக்கறேன், ஆரும் வண்டியத் தொட மாட்டாங்க, நீங்க தைரியமாப் பாருங்கன்னாரு. எனக்கு அவுரு முட்டி மட்டுந்தான் தெரிஞ்சுது, வேட்டியில மண்ணு ஒட்டின முட்டி. கண்ணுல தண்ணி வந்து காதுக்குள்ள எறங்குது, மல்லாக்கப் படுத்து அழுதா அப்படித்தான் போகும்போல. கேட்டுட்டாரு. ஆருன்னு கேட்டுட்டாரு. தினகரனுக்கு நான் சொல்லித்தான் ஆகோணும், சத்தியம் பண்ணினவ நான். தனுஷ்கோடிக்குப் போயி ஒரு ராத்திரி இருந்துட்டு, ஞாயித்துக்கெழமைக்குள்ள கொண்டாந்து உட்டுரோணும். எண்ணெய் இப்ப நூலாட்ட எறங்கி, சொட்டுச் சொட்டா நின்னு நின்னு உழுகுது. டின்னுக்குள்ள கைய உட்டு வாசரைத் துழாவிட்டே கேட்டேன்.

"வருவாருங்களா?"

"ஆரு, உங்கூட்டுக்காரரா? வராம எங்கெ போயிருவாரு அம்மணி, சாவி ரெண்டும் உங்ககிட்டத்தான இருக்குது."